அத்தாவுக்குப் பிடித்த மோதிரம்

அன்வர், என் கண்ணே, உனக்கு என் சலாம்.

நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்பது எனக்குத் தெரியும். மலையாளத்தில் எழுதியிருக்கலாம், தப்பும் தவறுமாக எனக்கும் வரும். போனில் பேசி அனுப்பியிருக்கலாம். ஆனால் நீ அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாய். போன தடவை வந்திருந்தபோது உன் சின்னம்மா அனுப்பியதை என் எதிரிலேயே அப்படித்தான் கேட்டாய். பாவம், அவள் முழங்கால் வலியைச் சொல்லி அழுதது எலி கத்தின மாதிரி இருந்தது. இது அப்படி ஓட்டிக் கேட்கிற விஷயம் இல்லை. ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படி. பொள்ளாச்சியில் பத்தாவது வரை படித்துவிட்டு மட்டாஞ்சேரிக்கு வாழ வந்தவள் நான்; எனக்கு ஒழுங்காகத் தெரிந்த பாஷை இது ஒன்றுதான்.

உன் கூட்டாளி ரஹீம் ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறுகிறான். அவன் கையில் மோதிரம் வரும் என்று காத்திருப்பாய். கவரைத் தடவிப் பார்த்துவிட்டு அவனைக் கோபிக்காதே. அவன் தொலைக்கவில்லை. நான் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கிழவிக்கு இந்த வயதில் நகை ஆசையா என்று கேட்பதானால் முழுவதும் படித்துவிட்டுக் கேள்.

நீ கூப்பிட்ட அன்றைக்கு நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது, பெயர் ஷெரின், திருச்சூர்க்காரி, மெல்போர்னில் உன் ஆபீஸில்தான் வேலை என்றாய். மாஷா அல்லாஹ் என்றேன். மனசாரத்தான் சொன்னேன். முப்பத்துமூன்று வயதுவரை நீ தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிறாயே என்பது எனக்கு எத்தனை பெரிய கவலை என்று உனக்குத் தெரியாது. அடுத்த மாதம் அங்கேயே பதிவு செய்துகொள்கிறோம், நீ சிரமப்பட்டு வர வேண்டாம், வீடியோவில் பார்க்கலாம் என்றாய். சிரமம் என்ற வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாய். அப்புறம் மோதிரத்துக்கு வந்தாய். ஷெரினுக்குப் பச்சை பிடிக்கும், என் விரலில்தான் இறுகிப் போயிருக்கிறதே, தட்டானிடம் போய் வெட்டி எடுத்து ரஹீமிடம் கொடுத்தால் அங்கே ஒட்டிச் சரிபண்ணிக்கொள்ளலாம் என்றாய். அதெல்லாம் சரி. அதற்கு மேல் ஒன்று சொன்னாய். “அத்தாவுக்குத்தான் அது பிடிக்கவே இல்லியே அம்மா. உன் கையில சும்மாதானே கெடக்குது.”

நான் சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். கீரையை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். அது மறுநாள் வாடி, கோழிக்குப் போடக்கூட ஆகாமல் போயிற்று. கோழியும் இப்போது இல்லை, அது வேறு கதை.

உனக்கு நம் வீடு எப்படி இருக்கிறதென்று தெரிய வேண்டும். பக்கத்து குஜராத்திக்காரர் வீடு விற்றுப்போய் சாயாக்கடை ஆகிவிட்டது. சாயாக்கடை என்றால் நம் பஜாரில் இருக்கிற மாதிரி இல்லை. ஒரு சாயாவை மூங்கில் தட்டில் வைத்துக் கொண்டுவந்து, குடிப்பதற்கு முன் போட்டோ எடுக்கிற இடம். அங்கே வருகிற வெள்ளைக்காரர்கள் நம் கதவையும் போட்டோ எடுக்கிறார்கள். ஒருநாள் நான் கதவைத் திறந்தபோது ஒரு பெண் சிரித்தபடி கையைக் காட்டி, என்னைக் கொஞ்சம் ஓரமாக நிற்கச் சொன்னாள். என் வீட்டு வாசலில் நான் ஓரமாக நின்றேன். கேஸ் கொண்டுவருகிற பையன், உம்மா ஊரில் இல்லையா, சிலிண்டர் ஏன் தீரவே மாட்டேனென்கிறது என்று கேட்கிறான். மீன்காரன் அரைக்கிலோவுக்குக் குறைந்தால் நறுக்கித் தரமாட்டான் என்பதால் மீன் வாங்குவதையே விட்டுவிட்டேன். கொச்சியில் குடியிருந்துகொண்டு முட்டை தின்கிறேன். வெளியே போய் வந்தால் சலாம் சொல்லித்தான் உள்ளே நுழைகிறேன். ஆளில்லாத வீட்டுக்கும் சலாம் சொல்ல வேண்டும், கண்ணுக்குத் தெரியாத மலக்குகள் பதில் சொல்வார்கள் என்று சின்ன வயதில் ஓதிக்கொடுத்திருக்கிறார்கள். சொல்லிவிட்டு வாசலில் கொஞ்ச நேரம் நிற்கிறேன். எனக்குத் தனிமையாக இருக்கிறது, அன்வர். இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன், இனி மோதிரத்துக்கு வருகிறேன்.

நீ மெல்போர்ன் போய் முதல் லீவில் வந்தபோது அந்த மோதிரத்தைக் கொண்டுவந்தாய். உன் அத்தாவிடம் அதற்கு வெகு காலம் முன்னால் வெள்ளியில் ஒரு பச்சைக் கண்ணாடிக்கல் மோதிரம் இருந்தது. நீ அப்போது மூன்றாவதோ நான்காவதோ படித்துக்கொண்டிருந்தாய். நம் சாக்குக் கடையில் பழஞ்சாக்கை உதறி அடுக்கும்போது அது எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. கோணி மூட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தேடினார். நீயும் கூடத் தேடினாய். தும்மித் தும்மி மூக்கு சிவந்துபோய் வந்தாய். கிடைக்கவில்லை. அதை நீ அத்தனை வருஷம் மனசில் வைத்திருந்து, கையில் காசு வந்ததும் ஒரு நல்ல மரகதமாக, இரண்டு பக்கமும் கடுகளவு வைரம் வைத்து, வெள்ளை வெளேரென்று ஒரு மோதிரம் வாங்கிவந்தாய். அளவுதான் தப்பிப்போயிற்று. மோதிர விரலில் ஏறவில்லை, சுண்டு விரலில் போட்டுக்கொண்டார். சுண்டு விரலில் போடுவதுதான் விசேஷம் என்று உன்னிடம் சொன்னார். வேறு எந்த விரலில் ஏறியிருந்தாலும் அந்த விரலைத்தான் விசேஷம் என்றிருப்பார்.

உனக்கு அவரை வீட்டில் பார்த்துத்தான் தெரியும், கடைத்தெருவில் பார்த்துத் தெரியாது. அதைப் போட்டிருந்த இரண்டு வருஷமும் நம் பஜாரில் அவருடைய வலது கையைப் பார்க்காத ஆள் இல்லை. சாக்கு விலை சொல்லும்போது சுண்டு விரலை நீட்டிச் சொல்வார். தராசைப் பிடித்தால் அந்த விரல் தனியாக நிற்கும். பெண் வீட்டுக்குப் புதுச்சட்டை போட்டுப் போன மாப்பிள்ளை தோற்றான் என்று நானே கேலி செய்திருக்கிறேன். வெள்ளியா என்று யாராவது கேட்டால், வெள்ளிக்கும் மேலே, என் மகன் வாங்கியது என்பார். என்ன உலோகம் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீ “வெள்ளை மெட்டல்தான், ஆம்பிளைங்க போடுறதுதான்” என்று சொல்லியிருந்தாய். மார்க்கத்தில் தங்கம் ஆணுக்கு ஆகாது என்று உனக்குத் தெரியாமல் இல்லை. வெள்ளையாக இருந்தால் ஆகும் என்று நினைத்திருப்பாய். அதில் உன்மேல் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. ஹஜ்ஜுக்குப் போய்வந்த மனுஷர் அவர், அவரே அப்படித்தானே நினைத்தார்.

நீ வாங்கியது வெள்ளைத் தங்கம். அதற்கு மேலே ஒரு வெள்ளை முலாம் உண்டாம். ஆபீஸில் உட்கார்ந்து வேலை செய்கிறவர் கையில் அது வெகுநாள் இருக்கும். உன் அத்தா கோணியில் கை வைக்கிறவர். நாள் முழுக்கச் சணல் உரசி உரசி, மோதிரத்தின் அடிப்பக்கத்தில் வெள்ளை போய் மஞ்சள் தெரிய ஆரம்பித்திருக்கிறது. மேலே கல்லைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தவர் அடிப்பக்கத்தைப் பார்க்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் உளூ செய்யும்போது, பக்கத்தில் உட்கார்ந்து கை கழுவிய ஒருவர்தான் காட்டியிருக்கிறார். இது மஞ்சளாக இருக்கிறதே ஹனீபிக்கா, வெளுப்பு போய்விட்டதே என்று.

உடனே அவருக்கு என்ன தோன்றியது தெரியுமா? பித்தளை என்று தோன்றியது. ஊர் தெரியாத ஊரில் என் பிள்ளையை எவனோ ஏமாற்றிப் பித்தளைக்கு முலாம் பூசிக் கொடுத்துவிட்டான் என்று நினைத்துவிட்டார். அன்றைக்கு ஜும்ஆவில் என்ன தொழுதார் என்று அவருக்கே தெரியாது. மத்தியானம் சோறு இறங்கவில்லை. என்னிடம் ஒன்றும் சொல்லாமல் நேராக நம் பழைய நகைக்காரர் சந்திரன் சேட்டனிடம் போனார். சந்திரன் அதை உரைகல்லில் தேய்த்துப் பார்த்துவிட்டு, பயப்பட வேண்டாம் இக்கா, இது அசல் தங்கம், வெள்ளை நிறத்தில் செய்வது, கல்லும் அசல், வைரமும் அசல் என்றிருக்கிறார். உன் அத்தா அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகச் சொல்லிக் கடையிலேயே சிரித்திருக்கிறார். சிரித்து முடித்த பிறகுதான் சந்திரன் சொன்னது என்ன என்று அவருக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்து அடுக்களை நிலைப்படியில் நின்றார். முகம் ஒரு மாதிரி இருந்தது. “என் பிள்ளைய யாரும் ஏமாத்தல” என்றுதான் முதலில் சொன்னார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான், ரெண்டு வருஷமா தங்கம் போட்டுக்கிட்டுத் தொழுதிருக்கேன் என்றார். அழுதுவிடுவார் போல இருந்தது. நான் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்கச் சொன்னேன். தெரியாமல் செய்ததற்கு அல்லாஹ் பிடிக்கமாட்டான், இனிமேல் போடாதீர்கள், வீட்டுக்காரம்மாவுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று அவர் சொல்லியனுப்பினார். திரும்பி வந்து, நான் மாவு பிசைந்துகொண்டிருந்த கையைக் கழுவச் சொல்லி, என் மோதிர விரலில் அவரே போட்டுவிட்டார்.

இந்த இடத்தில் நீ கொஞ்சம் நின்று படி. நம் வழக்கத்தில் மாப்பிள்ளை பெண்ணுக்கு ஒன்றும் அணிவிப்பதில்லை. நிக்காஹ் அன்றைக்கு என் கழுத்தில் கருகமணி கட்டியது உன் மாமி, அவருடைய அக்கா. வளையல் போட்டது என் மாமியார். பெருநாளைக்குச் சேலை எடுத்தால் கட்டில் மேல் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விடுவார். அத்தனை வருஷ வாழ்க்கையில் உன் அத்தா தன் கையால் என் உடம்பில் அணிவித்த பொருள் என்று ஒன்று உண்டானால் அது இந்த மோதிரம்தான். எனக்கு அப்போதே ஐம்பத்தைந்து தாண்டிவிட்டது. வெட்கமாக இருந்தது. மாவு இன்னும் ஒட்டியிருக்கிறது என்று சொல்லிக் கையை இழுத்துக்கொண்டேன்.

உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவர்தான் சொன்னார். ஆசை ஆசையாக வாங்கித் தந்த பிள்ளை, அத்தாவை ஹராமில் தள்ளிவிட்டோமே என்று மருகுவான், அவனுக்கு அந்த பாரம் எதற்கு என்றார். அடுத்த மாதம் நீ லீவில் வந்தாய். சாப்பிட உட்கார்ந்தபோது நான் உனக்குக் கறி ஆணம் ஊற்றினேன். உன் கண் என் விரலுக்குப் போனதை நான் பார்த்தேன், அவரும் பார்த்தார். அவர் முந்திக்கொண்டு, அம்மாவுக்கு ஆசையாப் போச்சு, கொடுத்துட்டேன், வயசான காலத்துல எனக்கெதுக்குப் பச்சைக்கல்லு என்றார். வாரம் முழுக்க யோசித்து வைத்திருந்த பொய், அவ்வளவு அழகாக வந்தது. நீ “ம்” என்றாய். அரிசிப் பத்திரியைப் பிய்த்து ஆணத்தில் போட்டாய். அந்த “ம்” என்ற ஒரு எழுத்து நம் வீட்டில் எத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தது என்று இப்போது கணக்குப் பார்க்கிறேன்.

அதற்குப் பிறகு நீ அவருக்கு ஒரு பொருளும் வாங்கிவரவில்லை. எனக்குச் செருப்பு, கம்பளி, வலித் தைலம். அவருக்கு ஒரு கவரில் பணம். பணத்தை எண்ணாமல் என்னிடம் தந்துவிட்டு, இப்பல்லாம் எனக்கு ஒண்ணும் வாங்கறதில்ல பாத்தியா என்பார், குறையாக இல்லை, ஒரு செய்தி சொல்கிற மாதிரி. நீ போன் செய்தால் அங்கே மழையா என்று கேட்பார். இங்கே மழை என்பார். போனை என்னிடம் தந்துவிடுவார். நீயும் அத்தா எப்படி இருக்கிறார் என்று என்னிடம்தான் கேட்பாய், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் வைத்த பிரியத்தால்தான் வாய் திறக்கவில்லை. உன்னை நோகடிக்கக்கூடாதென்று அவர் சும்மா இருந்தார். அவரைக் கேட்டுச் சங்கடப்படுத்தக்கூடாதென்று நீ சும்மா இருந்தாய். நடுவில் நான் கொடுத்த வாக்குக்குக் கட்டுப்பட்டு இருந்தேன். கல்யாணம் கட்டப்போகிறவனுக்கு எல்லாரும் புத்தி சொல்வார்கள், என் பங்குக்கு இது ஒன்றுதான்: மனசில் ஒன்று உறுத்தினால் ஷெரினிடம் கேட்டுவிடு. ஏன் இப்படிச் செய்தாய் என்று சண்டை போட்டுக்கூடக் கேள். சண்டை போட்டால் ஒரு வேளைச் சோறு கெடும். கேட்காமல் விட்டால் என்ன கெடும் என்று நம் வீட்டில் பார்த்துவிட்டோம்.

உன் அத்தா காலையில் போனார், அஸர் தொழுகைக்கு முன்னால் அடக்கம் முடிந்துவிட்டது. நீ சிங்கப்பூர் விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தாய். உனக்காகக் காத்திருக்கலாமா என்று நான் கேட்டேன். மய்யித்தைக் காக்கவைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். அது நம் முறை, அதில் நான் குறை சொல்லவில்லை. நீ வந்து கபரடியில் நின்றுவிட்டு வந்தாய், பத்து நாள் இருந்தாய், போனாய். நான் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இத்தா இருந்தேன். இத்தா இருப்பவள் நகை போடக்கூடாது. வளையல், தோடு, எல்லாம் கழற்றியாயிற்று. இந்த மோதிரம் கழலவில்லை. அந்த விரல் முட்டு எப்போது வீங்கியதென்றே எனக்குத் தெரியாது. தேங்காயெண்ணெய் போட்டார்கள், சோப்பு போட்டார்கள், நூல் சுற்றி இழுத்தார்கள், தோல் உரிந்து ரத்தம் வந்தது. தட்டானைக் கூட்டிவந்து வெட்டவேண்டும் என்று உன் மாமி ஒரே பிடியாக நின்றாள். ஓதிக்கொடுக்கிற உஸ்தாதம்மா வந்து பார்த்துவிட்டு, கழற்ற முடியாதது அலங்காரத்தில் சேராது, ஒரு துணியைச் சுற்றி மறைத்துக்கொள்ளட்டும் என்று சொன்னார். அந்த நான்கு மாதமும் பத்து நாளும் விரலில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் விரலில் என்ன காயம் என்று கேட்டார்கள். கத்தி பட்டுவிட்டது என்றேன். எனக்கும் பொய் நன்றாகத்தான் வருகிறது.

இப்போது நீ கேட்டதும் நான் கொடுக்கக்கூடாது என்று நினைக்கவில்லை, அதை நம்பு. மகன் வாங்கிய பொருள், மருமகள் போடட்டும், எனக்கென்ன என்றுதான் நினைத்தேன். நேற்று முன்தினம் காலையில் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சந்திரன் கடைக்குப் போனேன். கூட ஆரும் வந்நில்லையா உம்மா என்று அவர் கேட்டார். இல்லை என்றேன். சின்னச் சக்கரம் வைத்த கத்தரி ஒன்று எடுத்தார், வலிக்காது, கல்லில் படாமல் அடியில் வெட்டலாம் என்றார். என் கையைத் திருப்பி, மஞ்சள் தெரிகிற இடத்தைத் துடைத்துப் பார்த்தார். பார்த்ததும் அவருக்குப் பழசெல்லாம் நினைவு வந்துவிட்டது. எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார்.

என் விரலில் போட்ட பிறகு உன் அத்தா மறுபடியும் சந்திரனிடம் போயிருக்கிறார். அது நீ லீவில் வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால். இதே கல்லையும் வைரத்தையும் கழற்றி இதே மாதிரி வெள்ளியில் பதித்துத் தர முடியுமா, பிள்ளை வரும்போது நான் போட்டுக்கொண்டு இருக்கவேண்டும் என்று கேட்டிருக்கிறார். வெள்ளியில் தாராளமாகச் செய்யலாம், நாளைக்குக் கொண்டுவாருங்கள் என்று சந்திரன் சொல்லியிருக்கிறார். மறுநாள் உன் அத்தா போனாராம், வெறுங்கையோடு. என்ன சொன்னார் தெரியுமா? சந்திரன் அவர் சொன்ன மாதிரியே சொல்லிக்காட்டினார்: “நான் போட்டுக் கொடுத்த கையிலேந்து திரிச்சு வாங்கான் எனக்கு வய்யா, சந்திரா. அவ அது போட்டுக்கிட்டுச் சிரிக்குறா.”

திருப்பி வாங்க என்னால் ஆகாது என்று அவர் சொன்னதை, அவர் போய் இரண்டு வருஷம் கழித்து, ஒரு நகைக்கடை ஸ்டூலில் உட்கார்ந்து நான் கேட்டேன். கேட்டதும்தான் எனக்கு அந்த நாளில் ஒரு சாயங்காலம் நினைவுக்கு வந்தது. அடுக்களைக்கு வந்து, மோதிரம் வேலைக்கு இடைஞ்சலா இருக்கா என்று கேட்டார். நான் அவருக்கு என்மேல் என்ன கரிசனம் என்று நினைத்து, ஒரு இடைஞ்சலும் இல்ல, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று கையை வெளிச்சத்தில் நீட்டிக் காட்டினேன். அப்போது சிரித்தேன்போல. அவர் திரும்பிப் போய்விட்டார். உன் முன்னால் அந்த மோதிரத்தோடு உட்கார்ந்து சாப்பிட அவருக்கு அவ்வளவு ஆசை இருந்திருக்கிறது. அந்த ஆசையை அவர் எனக்காக விட்டிருக்கிறார். நீ அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாய். நான் அவருக்கு என்மேல் பிரியம் இருந்ததா என்று வாழ்நாள் முழுக்கச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

சந்திரன் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். வேண்டாம் என்று எழுந்துவிட்டேன். கடையை விட்டு இறங்கி பஜார் வழியாக அழுதுகொண்டே நடந்தேன். அங்கே மிளகாய் மூட்டை பிரித்துக்கொண்டிருந்தார்கள், நெடியில் எல்லார் கண்ணிலும் தண்ணீர், அதனால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஆகவே, அன்வர், அத்தாவுக்கு அது பிடித்திருந்தது. அவருக்கு வேறு எந்தப் பொருளும் அவ்வளவு பிடித்ததில்லை. இதை உன் மனசில் எழுதிக்கொள், சொல்லாதே என்று அவர் வாங்கிய வாக்கை இதோ உடைத்துவிட்டேன். மறுமையில் அவர் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். இதற்காக நீ அழுதால் தனியாக அழாதே, ஷெரினிடம் சொல்லி அழு. அந்தப் பெண்ணுக்கு நம் வீட்டைப் பற்றித் தெரியட்டும்.

இப்போது மோதிரம். நான் போகிற அன்றைக்கு என்னைக் குளிப்பாட்டுகிற பெண்கள் அதை வெட்டித்தான் எடுப்பார்கள். அதுவும் நம் முறைதான், ஒன்றையும் உடம்பில் விடமாட்டார்கள். ஒரு தாளில் பொட்டலம் கட்டி உனக்கென்று எடுத்து வைப்பார்கள். நீ அன்றைக்கும் சிங்கப்பூரில் உட்கார்ந்திருப்பாய். வெட்டின மோதிரம் உனக்கு எப்படியும் வரும், அதற்கு அவசரப்படாதே. ஷெரினுக்கு நீ புதிதாக ஒன்று வாங்கிக் கொடு. அளவு பார்த்து வாங்கு. உன் கையால் போட்டுவிடு.

உன் கல்யாணத்துக்கு இந்த மோதிரம் வரவேண்டும் என்று நீ நினைத்தால், அது என் விரலோடுதான் வரும். ஹஜ்ஜுக்கு எடுத்த பாஸ்போர்ட் காலாவதி ஆகப்போகிறது என்று போன வருஷம் ரஹீமை வைத்துப் புதுப்பித்து வைத்திருக்கிறேன். எதற்கு உம்மா என்று அவன் கேட்டான், நான் சொல்லவில்லை. எனக்குக் கம்பளி இருக்கிறது, செருப்பு இருக்கிறது. விமானத்தில் சாப்பாடு பிடிக்காவிட்டால் பட்டினி இருக்கத் தெரியும். உன் வீட்டில் இடம் இல்லையென்றால் ஹாலில் படுத்துக்கொள்வேன், பத்து நாளில் திரும்பிவிடுவேன். எனக்கு ஒரு சிரமமும் இல்லை, மகனே. நான் உன்னிடம் இதுவரை வாய் திறந்து ஒன்றும் கேட்டதில்லை. என்னைக் கூப்பிடு.

உன் அம்மா